அந்தோனியோ பின்யோ வர்காஸ்: ஜாஸ் பியானிஸ்ட்டும் ரெக்வியம் எழுதினவரும் ஒரே ஆளா? எங்கேருந்து கேக்க ஆரம்பிக்கலாம்?

இரவுப்பறவை:
வணக்கம் மக்களே. இங்க இவ்வளவு நாளா படிச்சிட்டு மட்டும் போவேன், இப்ப தான் முதல் திரி போடுறேன், ஏற்கனவே யாராவது கேட்டிருந்தா லிங்க் குடுங்க.

விஷயம் என்னன்னா, ராத்திரி வேலை பாக்கும்போது பியானோ ஏதாவது ஓடவிட்டுட்டு இருப்பேன், அதுல தானா ஒரு பீஸ் வந்துச்சு, பேரு "டாம் வெயிட்ஸ்", வெறும் பியானோ தான், மெட்டு அப்படியே மனசுல ஒட்டிக்கிச்சு. யாரு வாசிச்சதுன்னு பாத்தா அந்தோனியோ பின்யோ வர்காஸ், போர்ச்சுகல்காரர்னு இருந்துச்சு. சரி இவரோட வேற ஆல்பம் கேப்போம்னு பேரைத் தட்டுனா நேரா நாக்ஸோஸ் கம்பெனி வெளியிட்ட ஒரு ரெக்வியம் (செத்தவங்களுக்கான சர்ச் பிரார்த்தனை இசை) வந்து நிக்குது, பெரிய கோரஸ், முழு ஆர்க்கெஸ்ட்ரா, லத்தீன்ல பாடுறாங்க, சும்மா இடிச்சுத் தள்ளுது. ஒரே பேர்ல ரெண்டு பேரு போலன்னு தான் நெனச்சேன். ஆனா போட்டோ ஒண்ணு தான்.

எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். ஜாஸ்ல இருந்து இவரு எப்படி இந்தப் பக்கம் வந்தாரு, எதுல ஆரம்பிச்சு கேக்கணும்? அப்புறம் எஸ்டோனியான்னா பார்ட், பின்லாந்துன்னா சாரியாஹோ, போலந்துன்னா குரெட்ஸ்கின்னு எனக்கே டக்குனு காம்போசர் பேரு வருது, போர்ச்சுகல்னா ஒரு பேரு கூட வரமாட்டேங்குது. எனக்கு மட்டும் தான் தெரியலையா, இல்ல நெஜமாவே அப்படித்தானா?

வெள்ளைக்கட்டை:
ஒரே ஆள் தான் ப்ரோ, சந்தேகமே வேணாம்.

சுருக்கமா சொல்லலாம்னு பாத்தேன், இவரு கதை சுருக்கத்துக்கு அடங்காது. 1951ல பொறந்தாரு, விலா நோவா டி காயாவுல, அது போர்ட்டோ நகரத்துக்கு நேர் எதிர்ல, டோரு ஆத்துக்கு தென்கரை. காலேஜ்ல படிச்சது மியூசிக் இல்ல, வரலாறு, போர்ட்டோ யுனிவர்சிட்டில. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி இந்த வரலாறு படிச்ச புத்தி தான் வேலை செய்யும். 70கள்ல இருந்தே ஜாஸ் வாசிச்சாரு, 1983ல "அவுத்ரோஸ் லுகாரெஸ்"னு முதல் ஆல்பம், அப்புறம் 80கள் பூரா வரிசையா ஆல்பம். சாக்ஸஃபோன்காரர் ஜோசே நோகெய்ரா தான் ரொம்ப காலம் கூடவே இருந்தவரு. அந்தக் காலத்துல போர்ச்சுகீஸ் ஜாஸ்னு சொன்னா அமெரிக்க ஸ்டாண்டர்ட்ஸ, அதாவது எல்லாரும் வாசிக்கிற பழைய பாட்டுகள, திருப்பி வாசிக்கிறது தான் பெரும்பாலும், இவரு சொந்த மெட்டு போட்டாரு, அதுவும் ஜாஸ் கேக்காத ஜனங்களும் முணுமுணுக்கிற மாதிரி மெட்டு, அதனால தான் அங்க நல்லா பிரபலம் ஆனாரு.

நல்லா போயிட்டு இருக்கும்போதே, 30 வயசெல்லாம் தாண்டினப்புறம், குல்பென்கியன் அறக்கட்டளை ஸ்காலர்ஷிப்ல நெதர்லாந்து போயி ராட்டர்டாம் கன்சர்வேட்டரில கிளாஸ் டி ஃப்ரீஸ் கிட்ட காம்போசிஷன் படிச்சாரு, 1990ல முடிச்சாரு. யோசிச்சுப் பாருங்க, ஊருல பேரு வாங்கின ஆளு, மேடையில கைதட்டு வாங்கிப் பழகின ஆளு, திரும்ப போயி மாணவனா உக்காந்து கவுன்டர்பாயின்ட்டும் ஆர்க்கெஸ்ட்ரேஷனும் எழுதுறாரு. அது முடிச்சு வந்து லிஸ்பன்ல இருக்கிற உயர் இசைப் பள்ளியில ரொம்ப வருஷம் காம்போசிஷன் சொல்லிக்குடுத்தாரு.

ஒரு நாள் ராத்திரியோட ஜாஸ விட்டுட்டு மாறினாருன்னு நெனச்சுடாதீங்க. 1991லயும் ஜாஸ் ஆல்பம் இருக்கு, 1996லயும் இருக்கு. ஒரே 1996ல "எதிப்போ"ன்னு சேம்பர் ஓப்பராவும் (சின்னக் குழுவுக்கான ஓப்பரா) வருது, நம்ம கிரேக்க ஈடிபஸ் கதை தான். அப்புறம் ஜாஸ் பக்கம் நீண்ட இடைவெளி, 2008ல "சோலோ", 2009ல "சோலோ ரெண்டு", அந்தப் பழைய மெட்டுகளையே தனியா பியானோவுல உக்காந்து திரும்ப யோசிச்சு வாசிச்சது. இளம் வயசுல பேண்டோட வேகமா ஓடின மெட்டு, இங்க ஒவ்வொரு சுரத்துக்கும் இடம் விட்டு நிக்கும். நீங்க கேட்டது வெறும் பியானோன்னு சொல்றீங்க, அனேகமா இதுல இருந்து தான் இருக்கும்.

என் கருத்து, இவரோட கான்சர்ட் மியூசிக்ல ஜாஸத் தேடாதீங்க, ஏமாந்து போவீங்க. ஜாஸும் கிளாசிக்கலும் கலந்து ஒரு குழம்பு வைக்கிற வேலைய இவரு பண்ணல. ரெண்டும் ரெண்டு அடுப்பு.

கோரஸ்காரி:
வெள்ளைக்கட்டை அண்ணா எழுதினது எல்லாம் சரி, ஆனா அந்த "ரெண்டு அடுப்பு"ல எனக்கு கொஞ்சம் கருத்து வேறுபாடு, அதை கடைசில சொல்றேன்.

இரவுப்பறவை, நான் கோரஸ்ல பாடுறவ, அதனால என் பட்டியல் கொஞ்சம் ஒருபக்கமா தான் இருக்கும். ரெக்வியம்ல தான் மாட்டுனீங்கன்னா அதுலயே இருங்க, ஓடாதீங்க. 2012ல குல்பென்கியன் அறக்கட்டளை கேட்டு எழுதினது. நாக்ஸோஸ் பதிவுல குல்பென்கியன் கோரஸும் ஆர்க்கெஸ்ட்ராவும், கண்டக்டர் ஜுவானா கார்னெய்ரோ. முக்கியமான விஷயம் இதுல தனிப்பாடகர் கிடையாது. வெர்டி ரெக்வியம்ல நாலு பேரு முன்னாடி நின்னு ஓப்பரா மாதிரி பாடுவாங்க இல்ல, அந்த வசதி இங்க இல்ல, பயப்படுறதும் கெஞ்சுறதும் கோபப்படுறதும் எல்லாம் கூட்டம் தான். செத்தவங்களுக்காக ஒரு மனுஷன் அழுறதுக்கும் ஒரு ஊரே நின்னு அழுறதுக்கும் உள்ள வித்தியாசம் அதுல தெரியுது.

அதே டிஸ்க்குல "யூதாஸ்" இருக்கும், அதை தயவு செஞ்சு தவற விட்டுடாதீங்க, எனக்கு ரெக்வியத்த விட அது தான் பிடிக்கும். 2002ல எழுதின ஆரட்டோரியோ, அதாவது நடிப்பு இல்லாம கோரஸும் ஆர்க்கெஸ்ட்ராவும் சொல்ற கதை. பேஷன்னு ஒரு வடிவம் இருக்கு தெரியுமா, பாக் எழுதினது, ஏசு சிலுவையில அறையப்படுற கதைய ஒரு சுவிசேஷத்த வச்சு முழுசா சொல்றது, யோவான் படி, மத்தேயு படின்னு. இவரு என்ன பண்ணாருன்னா லூக்கா, யோவான், மத்தேயு, மாற்குன்னு நாலு பேருகிட்டேருந்தும் எடுத்து, மையத்துல ஏசுவ வைக்காம காட்டிக்குடுத்தவன வச்சுட்டாரு. இது சும்மா புதுமைக்காக பண்ணது இல்ல, ஏன்னா பாக் பக்கத்துல போயி அதே கதைய அதே கோணத்துல எழுதினா யாரு கேப்பாங்க, கதைய இவன் பக்கத்துலேருந்து பாத்தா தான் இசைக்கும் வேற வேலை கிடைக்குது. காசு எண்ணுறது, முத்தம் குடுக்குறது, அப்புறம் அந்தக் குற்ற உணர்ச்சி, இதெல்லாம் தனிப்பாட்டா எழுதுறது சுலபம், கோரஸுக்கு எழுதுறது கஷ்டம்.

இது ரெண்டும் பிடிச்சா 2013 "மக்னிஃபிகாட்", 2014 "தெ ப்ரொஃபுந்திஸ்" போங்க. இருட்டுலயே இருந்துட்டு கொஞ்சம் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும் மக்னிஃபிகாட்.

கோரஸ் வேணாம்னா 1993ல எழுதின ஸ்டிரிங் குவார்டெட் "மோனோதியா", "கிட்டத்தட்ட ஒரு ரெக்வியம்"னு துணைத்தலைப்பே வச்சிருக்காரு. ஆக 2012ல திடீர்னு சாவைப் பத்தி எழுதத் தோணல, அந்த எண்ணம் அவருக்குள்ள எப்பவோ இருந்திருக்கு. அப்புறம் 2005ல செல்லோவுக்கும் ஆன்சாம்பிளுக்கும் (சின்ன வாத்தியக் குழு) எழுதின "சிக்ஸ் போர்ட்ரெய்ட்ஸ் ஆஃப் பெயின்". பேருலயே வலி இருக்கு, கேக்கவும் சுலபம் இல்ல, ராத்திரி வேலை நேரத்துக்கு நிச்சயமா ஆகாது.

இப்ப அடுப்பு விஷயம். மெட்டு எங்க மூச்சு விடணும்ங்கிறது இவருக்கு நல்லா தெரியுது, அது ஜாஸ்ல வாசிச்சு வாசிச்சு வந்த கை. ராகம் தாளம் எல்லாம் மாறிடுச்சு, ஆனா ஒரு வாக்கியத்த எவ்வளவு நீளம் பேசணும், எங்க நிறுத்தணும்ங்கிறது ரெண்டு பக்கமும் ஒரே ஆளு பேசுற மாதிரி தான் எனக்கு கேக்குது.

வெள்ளைக்கட்டை:
அது ஒத்துக்குறேன். நான் சொன்னது சத்தத்தப் பத்தி, நீங்க சொல்றது பேச்சு நடையப் பத்தி.

அடிக்குறிப்பு:
ரெண்டாவது கேள்விய யாரும் தொடல, நான் தொடுறேன், ஏன்னா இந்தக் கேள்விக்கு நம்ம ஆளே ஒரு புத்தகம் எழுதியிருக்காரு. கேலி இல்ல, நெஜமா.

கொயம்ப்ரா யுனிவர்சிட்டில 2010ல டாக்டரேட் முடிச்சாரு, அது 2011ல "மூசிகா எ பொதேர்"னு புத்தகமா வந்துச்சு, இசையும் அதிகாரமும்னு வச்சுக்கோங்க. ஐரோப்பாவுல போர்ச்சுகீஸ் இசை ஏன் இல்லாமலே இருக்குங்கிறது தான் முழு ஆராய்ச்சியும். வழிகாட்டி யாருன்னா பொஅவெந்தூரா டி சோசா சாந்தோஸ், சமூகவியல்ல பெரிய பேரு. அவரோட ஒரு கருத்த தான் இவரு இசைக்குக் கொண்டு வராரு. அதாவது ஒரு விஷயம் இல்லன்னா அது தானா இல்லாம போகல, இல்லாததா ஆக்கப்படுதுன்னு. யாரோ ஒருத்தர் சதி பண்ணி இல்ல, அமைப்பே அப்படி ஓடுதுன்னு.

வழக்கமா சொல்ற காரணம் சலாசார் சர்வாதிகாரம். அது பொய்யும் இல்ல. எஸ்தாதோ நோவோ ஆட்சி 1933லேருந்து 1974 வரைக்கும், ஃபெர்னாண்டோ லோபெஸ் கிராசா மாதிரி ஒரு பெரிய காம்போசர, கம்யூனிஸ்ட்டுங்கிறதால ஜெயில்ல போட்டாங்க, அரசு வேலைய மறுத்தாங்க, பாட்டுகள தடை பண்ணாங்க. ஆனா 1974 ஏப்ரல் 25 புரட்சி முடிஞ்சு இவ்வளவு வருஷம் ஆச்சே, இன்னும் ஏன்? அங்க தான் இவரு வாதம் சுவாரஸ்யமாகுது. போர்ச்சுகல்ல காசு இருக்கிற இடம் எதுன்னா குல்பென்கியன் அறக்கட்டளை, 1956ல எண்ணெய்ப் பணத்துல உருவானது, சொந்த ஆர்க்கெஸ்ட்ரா சொந்த கோரஸ் எல்லாம் வச்சிருக்கு. 1977லேருந்து 2002 வரைக்கும் சமகால இசைக்குன்னே தனி விழா நடத்தினாங்க. அதுல பாரிஸ்லேருந்தும் ஜெர்மனிலேருந்தும் பெரிய ஆளுங்க வந்தாங்க, லிஸ்பன் ஜனங்க உலகத்தரமான புது இசைய கேட்டாங்க, நல்லது தான். ஆனா போக்குவரத்து ஒருவழி. அங்கேருந்து இங்க வரும், இங்கேருந்து அங்க போகாது. உள்ளூர் ஆளுக்கு புதுசா எழுதச் சொல்லி ஒரு கமிஷன், ஒரு பிரீமியர், அடுத்த நாள் பேப்பர்ல ஒரு விமர்சனம், அத்தோட அந்த ஸ்கோர் அலமாரிக்குள்ள போயிடும். ரெண்டாவது தடவை யாரும் வாசிக்கிறதில்ல. ரெண்டாவது தடவை வாசிக்காத படைப்பு எப்படிங்க வரலாற்றுல ஏறும்?

இன்னொண்ணு, இதுல ஐரோப்பாவ மட்டும் அவரு திட்டல. ஊருக்குள்ள இருக்கிறவங்களே வெளிய மரியாதை கிடைச்சா தான் மதிக்கிறாங்க, வெளிய மரியாதை கிடைக்க வழியையும் அவங்க போடலங்கிறாரு. அவரே 90கள்ல போர்ட்டோ செரால்வெஸ் அறக்கட்டளையில இசை நிகழ்ச்சி ஆலோசகரா இருந்தவரு, லிஸ்பன்ல பெலெம் கலாச்சார மையத்துலயும் இருந்தவரு, யாருக்கு மேடை கிடைக்குது எப்படி கிடைக்குதுன்னு உள்ள உக்காந்து பாத்த மனுஷன் எழுதினது. அதனால தான் எனக்கு இந்தப் புத்தகம் மேல மரியாதை. வரலாறு படிச்ச புத்தின்னு வெள்ளைக்கட்டை சொன்னாருல்ல, இது தான் அது.

டார்ம்ஸ்டாட்_தம்பி:
அடிக்குறிப்பு சார், புத்தகம் முக்கியமானது தான், ஆனா இப்படி மொத்தமா இல்லன்னு சொன்னா காம்போசர் எம்மானுவேல் நூனெஸ எங்க வைப்பீங்க? 1941ல லிஸ்பன்ல பொறந்தாரு, 1964ல பாரிஸ் போயிட்டாரு, கொலோன்ல ஜெர்மன் காம்போசர் ஸ்டாக்ஹவுசன் கிட்ட படிச்சாரு, பாரிஸ் கன்சர்வேட்டரிலயே காம்போசிஷன் ப்ரொஃபசரா இருந்தாரு, 2012ல அங்கயே இறந்தாரு. ஐரோப்பா புது இசை வட்டாரத்துல அவர தெரியாதவங்க கம்மி. 1991ல எழுதின "க்வோட்லிபெட்" கேளுங்க, வாசிக்கிறவங்கள ஒரே மேடையில உக்கார வைக்காம அரங்கத்துக்குள்ள பிரிச்சு நிறுத்தி எழுதினது, லிஸ்பன்ல கொலிசெயுங்கிற பெரிய அரங்கத்துக்காக. ஹெட்போன்ல அதுல பாதி தான் கிடைக்கும், அந்தப் பாதியே போதும்.

அப்புறம் இப்போ இருக்கிற தலைமுறை. வாஸ்கோ மெண்டோன்சா, 1977ல பொறந்தவரு, ஆம்ஸ்டர்டாம்ல இதே கிளாஸ் டி ஃப்ரீஸ் கிட்டயும் லண்டன்ல ஜார்ஜ் பெஞ்சமின் கிட்டயும் படிச்சவரு, 2013ல பிரான்ஸ்ல நடக்குற எக்ஸ் ஆன் ப்ரோவான்ஸ் ஓப்பரா விழாவுலயே அவரு ஓப்பரா அரங்கேறுச்சு, கேட்டி மிட்செல் இயக்கம். எக்ஸ் விழாவ விட பெரிய மேடை இந்தத் துறையில எத்தன இருக்கு சொல்லுங்க. லூயிஸ் டினோகோன்னு ஒருத்தர், மான்டி பைதன்ங்கிற பிரிட்டிஷ் காமெடி குழுவோட டெர்ரி ஜோன்ஸோட சேந்து 2008ல மேடைக்கு எழுதினாரு, ரொம்ப ஜாலியான ஆளு. இப்படி ஒவ்வொண்ணா சொல்லிட்டே போகலாம். இல்லாம இருக்கிறது இசை இல்ல, நம்ம தேடல் தான்.

அடிக்குறிப்பு:
தம்பி, நூனெஸ் பேர நீங்க எடுத்ததே என் பக்கத்துக்கு தான் சாட்சி. அவரு 1964லயே கிளம்பிட்டாரு இல்ல? பாரிஸ்ல இருந்தாரு, அதனால பாரிஸ் கேட்டுச்சு. லிஸ்பன்லயே தங்கின ஜோர்ஜ் பெய்ஷீன்யோவ எடுங்க, நூனெஸ விட ஒரு வயசு தான் பெரியவரு, அவரும் நூனெஸ் மாதிரியே ஜெர்மனில டார்ம்ஸ்டாட்ல நடக்குற புது இசை கோடை வகுப்புக்கு போயிட்டு வந்தவரு தான், 1970ல லிஸ்பன் சமகால இசைக் குழுன்னு ஒண்ணு ஆரம்பிச்சு 1995ல சாகுற வரைக்கும் ஊருக்குள்ளயே புது இசைக்காக ஓடினாரு. இப்ப உங்க நண்பர்கள்ல எத்தன பேருக்கு பெய்ஷீன்யோ பேரு தெரியும்? ஒரே தலைமுறை, ஒரே டார்ம்ஸ்டாட், வித்தியாசம் எங்க குடியிருந்தாங்கங்கிறது.

மெண்டோன்சா விஷயம் ஒத்துக்குறேன், 2013 எக்ஸ் மேடை அந்தப் புத்தகத்துக்கு அப்புறம் நடந்தது. 2000ல புது இசை வாசிக்கிற ரெமிக்ஸ் ஆன்சாம்பிள், 2005ல போர்ட்டோல காசா ட மூசிகாங்கிற கச்சேரி அரங்கக் கட்டடம்னு வந்தப்புறம் நெலமை கொஞ்சம் மாறிட்டு தான் வருது. "சிக்ஸ் போர்ட்ரெய்ட்ஸ்" கூட அந்தக் காசா ட மூசிகா வழியா தான் வந்துச்சு.

டார்ம்ஸ்டாட்_தம்பி:
பெய்ஷீன்யோ பாயின்ட் சரி தான் சார். ஆனா ஒண்ணு, பின்லாந்து மக்கள்தொகை போர்ச்சுகல்ல பாதி சொச்சம் தான், அதுவும் ஐரோப்பாவுக்கு ஓரத்துல தான் இருக்கு. ஆனா அவங்க இசைப் பள்ளிகள்லயும் ஆர்க்கெஸ்ட்ராக்கள்லயும் தொடர்ந்து காசு போட்டாங்க, சொந்த ஆளுங்க எழுதினத சொந்த கண்டக்டருங்க உலகம் பூரா எடுத்துட்டுப் போயி நடத்தினாங்க. அதனால ஓரத்துல இருக்கோம்ங்கிறது மட்டும் காரணம் ஆகாதுங்கிறேன். ஜுவானா கார்னெய்ரோ மாதிரி கண்டக்டருங்க அந்த வேலைய செஞ்சா தான் மாறும்.

கோரஸ்காரி:
சண்டை நல்லா இருக்கு, தொடருங்க, ஆனா முதல்ல கேட்ட புள்ளைய மறந்துட்டீங்க 😄

இரவுப்பறவை:
ஐயோ நான் இங்க தான் இருக்கேன் அக்கா, படிச்சிட்டே இருக்கேன், இவ்வளவு வரும்னு நெனக்கல. யூதாஸ் கேட்டுட்டேன். வேலை நேரத்துல கேக்கக்கூடாதுன்னு நீங்க வேற ஒண்ணுக்கு சொன்னீங்க, இதுக்கும் சொல்லியிருக்கலாம், கீபோர்ட்ல கை வச்சபடியே உக்காந்துட்டேன்.

புரட்சி பத்தி அடிக்குறிப்பு சார் சொன்னதும் ஒரு சந்தேகம், 1974 நடக்கும்போது இவருக்கு 22 வயசு இருக்கும்ல, அதைப் பத்தி ஏதாவது எழுதினாரா? அப்புறம் எனக்கு போர்ச்சுகீஸ் சுத்தமா தெரியாது, இந்த விவரமெல்லாம் எங்க பாக்குறீங்க?

அடிக்குறிப்பு:
எழுதினாரு. "உஷ் தீயஸ் லெவந்தாதோஸ்", 1998, ஓப்பரா, அந்த ஏப்ரல் 25 தான் கருப்பொருள், லிப்ரெட்டோ (ஓப்பராவோட வரிகள்) எழுதினவரு கவிஞர் மனுவெல் குஷ்மாவோ. அரங்கேற்றம் லிஸ்பன் சாவ் கார்லோஸ் தியேட்டர்ல, 1793ல கட்டின இத்தாலிய பாணி ஓப்பரா ஹவுஸ், தங்க வேலைப்பாடும் ராஜா மாடமும் இருக்கிற இடம். அங்க போயி சிப்பாய்ங்களும் ஜனங்களும் தெருவுக்கு வந்த நாள அரங்கேத்தினாங்க. எனக்கு அந்தப் பொருத்தமின்மையே பிடிக்கும். ஆனா போர்ச்சுகீஸ் தெரியாம கேக்கணும்னா கஷ்டம் தான், வார்த்தை முக்கியம் அதுல, லிப்ரெட்டோ கையில இல்லாம ஆரம்பிக்காதீங்க.

வெள்ளைக்கட்டை:
விவரத்துக்கு போர்ச்சுகீஸ் இசைத் தகவல் மையம்னு ஒரு தளம் இருக்கு ப்ரோ, மீசோ மியூசிக் போர்ச்சுகல் அமைப்பு நடத்துது, இங்கிலீஷ்லயும் இருக்கும். காம்போசர் பேர வச்சு தேடுனா படைப்புப் பட்டியல், எந்த வாத்தியத்துக்கு, எந்த வருஷம்னு எல்லாம் வரும். நூனெஸ், பெய்ஷீன்யோ, டினோகோ எல்லாரும் அதுல கிடைப்பாங்க.

அப்புறம் ஒருத்தரும் சொல்லாத பக்கம், சினிமா. ஜுவாவ் பொதெல்யோ எடுத்த "தெம்புஸ் டிஃபீசெய்ஸ்", 1988, டிக்கன்ஸ் நாவல போர்ச்சுகலுக்கு மாத்தி எடுத்த கருப்பு வெள்ளைப் படம், அதுக்கு மியூசிக் இவரு தான். ஜாஸுக்கும் கான்சர்ட்டுக்கும் நடுவுல அவரு நின்ன காலம் அது, ராட்டர்டாம் படிப்பு இன்னும் முடியல. படம் கெடச்சா பாருங்க.

இரவுப்பறவை:
குறிச்சு வச்சுக்கிட்டேன். அடுத்து மோனோதியா போறேன், அப்புறம் க்வோட்லிபெட். தம்பி, அதுக்கு ஏதாவது நல்ல பதிவு இருந்தா சொல்லிட்டுப் போங்க.

டார்ம்ஸ்டாட்_தம்பி:
பாத்துட்டு சொல்றேன். அதுக்குள்ள நூனெஸோட "லிட்டனீஸ்" கேட்டு வைங்க, தனி பியானோ தான், உங்க வழி. ஆனா "டாம் வெயிட்ஸ்" மாதிரி இருக்கும்னு நெனச்சுட்டு போகாதீங்க.